கம்ப்யூட்டர் வந்துவிட்டது, பக்கத்தில் யார் உட்காருவது? பாஸ்டன் கிளப்ஹவுஸ் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வசதி குறைந்த இளைஞர்களுக்கு டிஜிட்டல் திறன் கொடுக்கப்போகிறோம் என்று தொடங்குகிற திட்டங்களில், அந்த இளைஞர்களோடு தினமும் இருக்கப்போகிற பணியாளருக்கு என்ன பயிற்சி என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: இரண்டு மூன்று நாள் மென்பொருள் வகுப்பு. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று பணியாளர் கற்றுக்கொள்கிறார், அதை அப்படியே போய் இளைஞர்களிடம் ஒப்பிக்கிறார், முதல் வாரம் கூட்டம் வரும், அப்புறம் வருகை குறையும், சில மாதத்தில் அறையைப் பூட்டிவிடுவார்கள். இளைஞர்களுக்கு ஆர்வமில்லை என்று அறிக்கை எழுதப்படும்.

இதை வேறு மாதிரி செய்ய முடியுமா என்று யோசிக்கிறவர்கள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1993-இல் தொடங்கிய, பள்ளி முடிந்து இளைஞர்கள் வந்து கணினியில் தாங்களே எதையாவது உருவாக்கும் இடமான கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்போதிருந்த கணினிகள் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கும், மென்பொருள்கள் பெயர் தெரியாமல் போய்விட்டன. ஆனால் அந்த அறையில் பெரியவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது இன்றைக்கும் அப்படியே எடுத்துப் பயன்படுத்தக்கூடியது. இளைஞர் பணியாளர் பயிற்சி என்றால் அதில் என்ன இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பதில் வேறெங்கும் இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இளைஞர் பணியாளர் பள்ளி ஆசிரியர் கிடையாது. சமூகக் கூடத்தில், விடுதியில், தெருவில், மாலை நேர மன்றத்தில் இளைஞர்களோடு வேலை செய்கிறவர் அவர். அவரிடம் வருகிற யாரும் கட்டாயத்தின் பேரில் வருவதில்லை. பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள், வருகைப் பதிவேடும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. அவர் கையில் இருக்கிற ஒரே பலம், அந்தப் பையனும் பெண்ணும் அவரை நம்புவதுதான். பள்ளியில் தோற்றவர்கள், பள்ளியை விட்டவர்கள், வகுப்பு என்ற சொல்லைக் கேட்டாலே ஒதுங்குகிறவர்கள் அவரிடம் வருவார்கள். அவர்களுக்குப் போய் இன்னொரு வகுப்பு எடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

திருட்டுத்தனமாக நுழைந்த பிள்ளைகள்

1989 டிசம்பரில் பாஸ்டன் கம்ப்யூட்டர் மியூசியத்தில் கல்விப் பணியில் இருந்த நடாலி ரஸ்க், விடுமுறை வாரத்துக்காக ஒரு லெகோ/லோகோ பட்டறையை ஏற்பாடு செய்தார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மீடியா லேப் என்ற ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மிட்செல் ரெஸ்னிக்கும் அதில் இருந்தார். லெகோ என்ற பொருத்தி விளையாடும் துண்டுகளால் ஏதாவது ஒரு இயந்திரம் கட்டி, அதில் மோட்டாரும் சென்சாரும் மாட்டி, லோகோ மொழியில் நிரல் எழுதி இயக்குவதுதான் பட்டறை. அந்தப் பக்கம் வந்த சில பிள்ளைகள், ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்து பேசுகிறவர்கள், மோட்டாரைக் கையில் எடுத்து இது என்ன என்று கேட்டார்கள், உட்கார்ந்தார்கள், அந்த வாரம் முழுக்கத் தினமும் வந்தார்கள்.

அடுத்த வாரம் திரும்பவும் வந்தபோது பட்டறை முடிந்துபோயிருந்தது. மியூசியத்தின் மற்றக் காட்சிப்பொருள்களைச் சுற்றிப் பார்த்தார்கள், ஆனால் அவை சில நிமிடம் நின்று பார்த்துவிட்டு நகர்வதற்காகச் செய்யப்பட்டவை. இரண்டொரு வாரம் கழித்து மியூசியம் நிர்வாகம் ஊழியர்களுக்கு ஒரு தகவல் அனுப்பியது: சில பிள்ளைகள் திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்தால் அதே பிள்ளைகள்.

ரஸ்க்கும் ரெஸ்னிக்கும் இந்தப் பிள்ளைகள் போக வேறு இடம் இருக்கிறதா என்று சுற்றுவட்டாரத்தில் தேடினார்கள். சில சமூக மையங்களில் அப்போதே கணினி வந்திருந்தது. சில இடங்களில் தட்டச்சு போன்ற அடிப்படை வகுப்பு எடுத்தார்கள், சில இடங்களில் விளையாட விட்டார்கள். பிள்ளைகள் தாங்களாக ஒன்றை உருவாக்க இடம் கொடுத்த மையம் ஒன்றுகூட இல்லை. வகுப்பு அல்லது விளையாட்டு என்ற இந்த இரண்டு வழிதான் இன்றைக்கும் பல டிஜிட்டல் மையங்களில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பணியாளருக்கு மூன்றாவது வழியைக் காட்டாவிட்டால் அவர் இந்த இரண்டில் ஒன்றில் போய் நிற்பார், அதில் அவர் தவறு எதுவும் இல்லை.

அறையும் பெரியவர்களும்

கிளப்ஹவுஸ் 1993-இல் மியூசியத்திலேயே திறந்தது. 10 முதல் 18 வயது வரையுள்ளவர்கள் பள்ளி முடிந்து வரலாம், கட்டணம் கிடையாது, எந்த நாள் வருவது, எவ்வளவு நேரம் இருப்பது என்பது அவர்கள் விருப்பம். நான்கு கொள்கைகள் வைத்துக்கொண்டார்கள். எதையாவது வடிவமைத்து உருவாக்குவதன் வழியாகக் கற்பது, சொந்த ஆர்வத்திலிருந்து தொடங்குவது, கற்கிறவர்கள் தங்களுக்குள் ஒரு சமூகமாக வளர்வது, மரியாதையும் நம்பிக்கையும் உள்ள சூழல். எழுதிப் பார்த்தால் எல்லா அமைப்பும் சுவரில் மாட்டிவைக்கிற வாசகம் மாதிரித்தான் இருக்கும். அதை நடைமுறையாக மாற்றியதில்தான் வித்தியாசம்.

அறையையே எடுத்துக்கொள்ளுங்கள். கணினிகளை ஒன்றன்பின் ஒன்றாக வகுப்பறை போல அடுக்காமல், ஒருவர் செய்வதை இன்னொருவர் எளிதாகப் பார்க்கும்படி சிறு சிறு கூட்டமாக வைத்தார்கள். நாற்காலிகளுக்குச் சக்கரம், உட்கார்ந்தபடியே பக்கத்து ஆளிடம் நகர்ந்து போகலாம். சுவரிலும் அலமாரியிலும் முன்பு வந்தவர்கள் செய்த வேலைகள். நடுவில் கணினியே இல்லாத ஒரு பெரிய பச்சை மேசை, அங்கே உட்கார்ந்து பேசலாம், வரையலாம், சாப்பிடலாம், சும்மாவும் இருக்கலாம். இதில் எதுவும் பெரிய செலவு பிடிக்கிற விஷயம் கிடையாது. ஆனால் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் அறைக்குள் நுழைந்ததும் முதலில் நாற்காலிகளைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் தெரியாததை யாரிடம் கேட்பது என்பதை நாற்காலி அமைப்பு பாதி தீர்மானித்துவிடுகிறது. வரிசையாக உட்காரவைத்தால் கேள்வி முன்னால் நிற்பவரிடம் மட்டும் போகும். கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும்.

இளைஞர்களின் ஆர்வத்திலிருந்து தொடங்கு என்றால் அவர்கள் போக்கில் விட்டுவிடு என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். கிளப்ஹவுஸ்காரர்கள் இதை மறுபடி மறுபடி மறுத்திருக்கிறார்கள். உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் பல பிள்ளைகளுக்குப் பதிலே வராது, யாரும் அவர்களை அதுவரை அப்படிக் கேட்டதில்லை. அதற்காகத்தான் மாதிரி வேலைகளைச் சுவர் நிறைய வைத்தார்கள், பார்த்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. அதைவிட முக்கியம், கூட இருந்த பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பது.

கல்லூரி மாணவர்கள், கலைஞர்கள், இசைத்துறையினர், பொறியாளர்கள் என்று பலர் வழிகாட்டிகளாக வந்தார்கள். அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது: உதவி கேட்டால் உதவுவது மட்டும் போதாது, தங்களுடைய சொந்த வேலை ஒன்றையும் அங்கேயே உட்கார்ந்து செய்ய வேண்டும். பக்கத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு முதுகலை மாணவர்கள் ஒரு ரோபாட் செய்யத் தொடங்கினார்கள். பல நாள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவர்கள் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தார்கள். ரோபாட்டுக்கு ஒரு உருவம் வர ஆரம்பித்ததும் ஒருவன் அதன் மேல் ஒரு புதிய கட்டமைப்பைச் சேர்க்கிறேன் என்று வந்தான், இன்னொருவனுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொள்ள இதுதான் சமயம் என்று தோன்றியது. ஒரு மாதத்தில் ஒரு சிறு கூட்டம் பல ரோபாட்டுகளைச் செய்துகொண்டிருந்தது. சிலர் தினமும் வந்தார்கள், சிலர் எப்போதாவது கை கொடுத்தார்கள், இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தச் சம்பவத்தில் அந்தப் பல நாள் அமைதிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நம்மில் பெரும்பாலான பணியாளர்கள் இரண்டாம் நாளே பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து ரோபாட் என்றால் என்ன என்று விளக்கத் தொடங்கியிருப்போம். யாரும் வராத நேரத்தைத் தாங்கிக்கொண்டு, உண்மையான ஆர்வத்தோடு தன் வேலையைச் செய்துகொண்டிருப்பது ஒரு திறமை, அதைப் பயிற்சியில் பழக வேண்டியிருக்கிறது. தனக்கே பிடித்த ஒரு டிஜிட்டல் வேலை இல்லாத பணியாளரால் இதைச் செய்ய முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே பயிற்சியின் முதல் பகுதி பணியாளர் தானே ஒன்றை உருவாக்குவதாக இருக்க வேண்டும்: ஒரு சிறு படம், ஒரு ஒலிப்பதிவு, ஒரு விளையாட்டு, அவருடைய தெருவைப் பற்றிய ஒரு வரைபடம், எதுவானாலும் சரி, மாதிரியைப் பார்த்து நகல் எடுத்ததாக இருக்கக் கூடாது. நடுவில் சிக்கி, எரிச்சல்பட்டு, யாரிடமாவது கேட்டு வெளியே வந்த அனுபவம் அவருக்கு இருந்தால்தான், அதே இடத்தில் சிக்கி நிற்கிற பையனின் முகம் அவருக்குப் புரியும்.

மரியாதை என்பதையும் அவர்கள் வித்தியாசமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். எது செய்தாலும் ஆகா என்று பாராட்டுவது மரியாதை ஆகாது, உடன் வேலை செய்கிறவரிடம் பேசுவது போல உண்மையான கருத்தைச் சொல்ல வேண்டும், இதை இப்படிச் செய்து பார்க்கலாமா என்று அடுத்த படிக்குத் தள்ள வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. நிஜமான தொழில்முறைக் கருவிகளையும் நம்பிக் கொடுத்தார்கள். எப்போதும் கண்காணிக்கப்பட்டே வளர்ந்த ஒரு இளைஞனிடம் விலை உயர்ந்த கருவியைக் கொடுத்துவிட்டு நகர்ந்து போவது எவ்வளவு பெரிய செய்தி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்ட ஒரு இளைஞர் கிளப்ஹவுஸுக்கு வந்தார். வரைவது அவருக்கு உயிர், நோட்டுப் புத்தகம் நோட்டுப் புத்தகமாகக் கார்ட்டூன் உருவங்களை வரைந்து நிரப்பியிருந்தார். யாரும் அவரை ஒரு பாடத்திட்டத்தில் சேர்க்கவில்லை. கையால் கறுப்பு வெள்ளையில் வரைந்து, ஸ்கேன் செய்து, கணினியில் வண்ணம் தீட்டுகிற ஒரு முறையை அவரே உருவாக்கிக்கொண்டார். மற்றவர்கள் அதைப் பார்த்து அவர் பாணியில் செய்யத் தொடங்கினார்கள், அவர் அவர்களுக்கு வழிகாட்டியானார். அதற்குப் பிறகு அவர் எடுத்த ஒரு முடிவுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது: தன் படங்களில் துப்பாக்கி வரைவதை அங்கே விட்டுவிட்டார். அவருடைய நெருங்கிய நண்பர் ஒருவர் சுடப்பட்டு இறந்திருந்தார், தெரு வன்முறைதான் அவர் சொந்தப் படைப்புகளின் மையம், ஆனாலும் சின்னப் பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கற்கிறார்கள், அவர்களுக்கு அது புரியாது என்று ஒரு பொறுப்பை எடுத்துக்கொண்டார். பள்ளி கைவிட்ட ஒருவர் இளைஞர் பணியாளராக மாறுகிற கணம் அது. எந்தத் திறன் பட்டியலிலும் இதற்குத் தனி வரி கிடையாது.

நிரல் தெரியாத வழிகாட்டிகள்

ரெஸ்னிக்கின் குழு 2007-இல் ஸ்கிராட்ச் என்ற நிரலாக்க மொழியை வெளியிட்டது. கிளப்ஹவுஸ் பிள்ளைகளுக்குப் பொருத்தமான ஒன்று வேண்டும் என்ற தேடலில்தான் அது பிறந்தது. தெற்கு லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஒரு கிளப்ஹவுஸில் 18 மாதங்களில் பிள்ளைகள் செய்த 536 ஸ்கிராட்ச் வேலைகளைச் சேகரித்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. முறையான பாடமும் இல்லை, அனுபவமுள்ள நிரலாளர்களும் இல்லை. அங்கே வந்த வழிகாட்டிகள் நிரலாக்கப் பின்னணி இல்லாத கல்லூரி மாணவர்கள், பிள்ளைகளோடு சேர்ந்து தாங்களும் கற்றுக்கொண்டார்கள். அப்படியிருந்தும் பிள்ளைகள் சுழற்சி, நிபந்தனை, பயனர் உள்ளீடு, ஒருங்கிணைத்து இயக்குவது போன்ற நிரலாக்க உத்திகளைத் தங்கள் வேலைகளில் பயன்படுத்தியிருந்தார்கள்.

இதைப் படித்ததும், அப்படியானால் பணியாளருக்குத் தொழில்நுட்பமே தெரிய வேண்டாம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. அதே ஆய்வில் மாறி (variable, அதாவது மாறக்கூடிய ஒரு மதிப்பை நிரலில் சேமித்துவைக்கும் இடம்), தர்க்கக் கூற்று, தற்செயல் எண் போன்றவை மிகக் குறைவாகவே வந்திருந்தன. தானாகத் தடுக்கி விழுந்து கண்டுபிடிக்க முடியாத விஷயங்கள் இவை, யாராவது காட்ட வேண்டும். எப்போது காட்டுவது என்பதற்கு ரெஸ்னிக் சொல்லும் ஒரு அனுபவம் இருக்கிறது. ஒரு கிளப்ஹவுஸில் 13 வயதுப் பையன் ஒருவன் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தான், அதில் மதிப்பெண் கணக்கு வைக்க வேண்டும், எப்படி என்று தெரியவில்லை. ரெஸ்னிக் அவனுக்கு மாறி என்றால் என்ன என்று காட்டினார். அவன் உடனே புரிந்துகொண்டு, அவர் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி நன்றி என்றானாம். இயற்கணிதம் கற்பிக்கிற ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு மாறிக்காக இப்படி நன்றி கிடைத்திருக்கும் என்று அவர் கேட்கிறார்.

பணியாளர் பயிற்சி என்பது பெரும்பாலும் இந்தக் கணத்தைக் கண்டுபிடிக்கிற பயிற்சிதான். பத்து நிமிடம் முன்னால் சொன்னால் அது பாடம், யாருக்கும் வேண்டாம். தேவை வந்த பிறகு சொன்னால் கை குலுக்குவான். ரொம்பத் தாமதமானால் எழுந்து போய்விட்டிருப்பான். அதைப் பழகிக்கொள்ள வகுப்பறை போதாது, இளைஞர்கள் நிஜமாக வேலை செய்யும் இடத்தில் அனுபவமுள்ள ஒருவரோடு பக்கத்தில் இருந்து, அன்று மாலை உட்கார்ந்து, எந்த இடத்தில் நீ வாயைத் திறந்தாய், ஏன் திறந்தாய், இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமா என்று பேச வேண்டும். இந்தப் பேச்சுக்கு நேரம் ஒதுக்காத பயிற்சித் திட்டத்தை நான் பயிற்சியாகவே கணக்கில் எடுக்க மாட்டேன்.

பெரியவரே இல்லாவிட்டால்?

இதற்கு நேர் எதிரான சோதனை நம் நாட்டில் நடந்தது. 1999-இல் புதுதில்லி கால்காஜியில் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா ஒரு சுவரில் கணினியைப் பதித்து, பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகளை அவர்கள் பாட்டுக்குப் பயன்படுத்த விட்டார். பிள்ளைகள் தாங்களாகவே கணினியை இயக்கக் கற்றுக்கொண்டது உலகம் முழுக்கச் செய்தியானது. அது உண்மையிலேயே பெரிய விஷயம்தான், ஏழைப் பிள்ளைக்குக் கணினி புரியாது என்ற எண்ணத்தை உடைத்தது. ஆனால் 2000-இல் தில்லியில் இந்தத் திட்டத்தை நேரில் பார்த்த ஆய்வாளர் மார்க் வார்ஷவர் வேறு சிலவற்றையும் எழுதினார்: இணையம் பெரும்பாலும் வேலை செய்யவில்லை, இந்தியில் உள்ளடக்கம் இல்லை, பிள்ளைகள் அதிகமாகச் செய்தது படம் வரைவதும் விளையாடுவதும்தான், பல பெற்றோருக்குச் சொல்லித்தர ஆள் இல்லையே என்ற கவலை இருந்தது. பின்னாளில் பாயல் அரோரா என்ற ஆய்வாளர் இமயமலைப் பகுதியில் அல்மோராவிலும் ஹவல்பாகிலும் போய்ப் பார்த்தபோது அங்கிருந்த சுவர்க் கணினிகள் கைவிடப்பட்டிருந்தன, 2010-இல் அதைப் பற்றி எழுதினார்.

மித்ராவின் வேலையிலேயே எனக்கு அதிகம் பிடித்த பகுதி தமிழ் பேசும் ஒரு கிராமத்தில், காளிக்குப்பத்தில் நடந்தது. பிள்ளைகளுக்குக் கணினியில் மூலக்கூறு உயிரியல் பாடத்தை, அதுவும் ஆங்கிலத்தில், வைத்துவிட்டுப் போய்விட்டார். முன்பு பூஜ்யமாக இருந்த மதிப்பெண், பிள்ளைகள் தாங்களாகவே முட்டிமோதியதில் சுமார் 30 சதவீதத்துக்கு வந்தது, அதோடு நின்றுவிட்டது. அப்புறம் அந்தப் பிள்ளைகளோடு பழக்கமாக இருந்த, கணக்கு வேலை பார்க்கிற ஒரு இளம்பெண்ணிடம் உதவி கேட்டார். எனக்கு அந்தப் பாடமே தெரியாதே என்றார் அவர். தெரிய வேண்டாம், பாட்டி மாதிரிப் பின்னால் நின்று, அடடே இது என்ன, எப்படிச் செய்தாய், இன்னொரு தடவை காட்டு என்று கேட்டுக்கொண்டே இரு என்றார் மித்ரா. சில மாதங்களில் மதிப்பெண் சுமார் 50-க்கு ஏறியது. பயிற்சி பெற்ற ஆசிரியரோடு தில்லியின் தனியார் பள்ளி மாணவர்கள் எடுத்த அளவு அது.

இந்த எண்கள் மித்ராவும் அவரோடு வேலை செய்தவர்களும் வெளியிட்டவை, சின்ன அளவில் நடந்த ஒரு சோதனை, அதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பாஸ்டனில் ரோபாட் செய்த மாணவர்களையும், லாஸ் ஏஞ்சலிஸில் நிரல் தெரியாமல் வந்த வழிகாட்டிகளையும், காளிக்குப்பத்து இளம்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இளைஞர் பணியாளரிடம் ஏற்கெனவே இருக்கிற சொத்து, பிள்ளைகள் அவரை நம்புவது. அந்த நம்பிக்கையை டிஜிட்டல் வேலைக்குள் கொண்டுவரப் பழக்குவதுதான் பயிற்சியின் முதல் வேலை. நம்பிக்கை இருக்கிறவருக்குத் தொழில்நுட்பம் கற்றுத்தர முடியும். தொழில்நுட்பம் தெரிந்தவரைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒரே வாரத்தில் இந்தப் பிள்ளைகள் உன்னை நம்பவேண்டும் என்று ஏற்பாடு செய்ய முடியாது.

பல ஊர்களுக்குப் போனபோது

1997-இல் கிளப்ஹவுஸுக்கு லாபநோக்கமற்ற அமைப்புகளின் புதுமைக்கான பீட்டர் டிரக்கர் விருது கிடைத்தது. 2000-த்திலிருந்து இன்டெல் நிறுவனத்தின் ஆதரவோடு பல நாடுகளுக்குப் பரவியது, இன்று சுமார் 20 நாடுகளில் 100-க்கும் மேற்பட்ட கிளப்ஹவுஸ்கள் இருக்கின்றன. புதிய இடங்களில் தனிக் கட்டடம் கட்டிப் புதிதாக ஆள் சேர்ப்பதை விட, அந்தப் பகுதியில் ஏற்கெனவே இளைஞர்களோடு வேலை செய்துகொண்டிருந்த உள்ளூர் அமைப்புகளுக்குள் கிளப்ஹவுஸை வைத்தார்கள். இது மிகச் சரியான முடிவு. உறவு ஏற்கெனவே இருக்கும் இடத்தில் தொழில்நுட்பத்தைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர், அவர்களுக்குப் பயிற்சி, ஒருவரை ஒருவர் சந்திக்கும் மாநாடு, இடங்களுக்கு இடையே பேசிக்கொள்ள ஓர் உள் இணையத்தளம் என்று ஏற்பாடு செய்தார்கள்.

ஆனால் ஒருங்கிணைப்பாளர் மாறும்போது என்ன ஆகும் என்பது இந்த மாதிரி எல்லா அமைப்புக்கும் உள்ள பிரச்சினை. இளைஞர் பணி எங்கேயும் நல்ல சம்பளம் தருகிற வேலை கிடையாது, பயிற்சி பெற்றவர் நல்ல வேலை கிடைத்தால் போய்விடுவார், போக வேண்டியதும்தான். பயிற்சியை ஒரே ஆளின் மேல் கட்டினால் அவரோடு எல்லாம் போய்விடும். ஒரு அமைப்பிலிருந்து குறைந்தது இரண்டு பேரையாவது சேர்த்துப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும், கூடவே மன்றத்துக்கு வருகிற வயதில் மூத்த இளைஞர்கள் ஒன்றிரண்டு பேரையும். கார்ட்டூன் வரைந்த அந்த இளைஞரைப் போல அவர்களிலிருந்துதான் அடுத்த பணியாளர் வருவார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்துவைத்தால் முதலில் ஓடிவந்து இடம்பிடிப்பவர்கள் பையன்கள். பாஸ்டனிலும் இது நடந்தது, பெண்களுக்கென்று தனி நாள் ஒதுக்கினார்கள். திறந்த கதவு தானாகவே சமமான கதவாகிவிடாது என்பதைப் பணியாளர் முதல் நாளிலிருந்தே தெரிந்துவைத்திருக்க வேண்டும். யார் வரவில்லை, ஏன் வரவில்லை, எந்த நேரத்தில் வந்தால் அவர்கள் வீட்டில் விடுவார்கள், தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெண் தங்கையையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்பதெல்லாம் டிஜிட்டல் பயிற்சிக்குள் வராத கேள்விகள் மாதிரித் தெரியும், ஆனால் திறன் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதை இவைதான் முடிவு செய்கின்றன.

கிளப்ஹவுஸ் சொல்லாதது

1993-இன் அறையில் இல்லாதது செல்போன். இன்றைய வசதி குறைந்த இளைஞருக்குக் கணினி அறிமுகமே இல்லாமல் இருக்கலாம், ஆனால் கையில் ஒரு போன் இருக்கும், அல்லது வீட்டுக்கே ஒரு போன் இருக்கும். அதில் வீடியோ பார்ப்பார், எடுப்பார், அனுப்புவார், பார்க்கிறவர்கள் இவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பார்கள். ஆனால் ஒரு விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் நிரப்பி, சான்றிதழைச் சரியான அளவில் இணைத்து அனுப்பத் தடுமாறுவார். பழைய பாஸ்வேர்டை மீட்கத் தெரியாமல் புதிய மின்னஞ்சல் முகவரி தொடங்குவார், அப்புறம் வேலைக்கான பதில் பழைய முகவரிக்குப் போய்க் கிடக்கும். கருவி கையில் இருந்தாலும் பயன்படுத்தும் திறனில் பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்பதை ஆய்வாளர் எஸ்டர் ஹார்கிட்டாய் 2002-லேயே இரண்டாம் நிலை டிஜிட்டல் இடைவெளி என்று எழுதினார்.

இங்கேதான் ஐரோப்பாவில் நடந்த வேலை உதவுகிறது. ஒருவருக்கு வேண்டிய டிஜிட்டல் திறன்களைப் பட்டியலிடும், ஐரோப்பிய ஆணையத்தின் டிஜ்காம்ப் சட்டகம் 2013-இல் வந்தது, 2022-இல் அதன் 2.2 பதிப்பு வந்தது. தகவலைத் தேடி மதிப்பிடுவது, தொடர்பும் ஒத்துழைப்பும், உள்ளடக்கம் உருவாக்குவது, பாதுகாப்பு, சிக்கல் தீர்ப்பது என்று ஐந்து பகுதிகள், அவற்றுக்குள் 21 திறன்கள். பாடத்திட்டமாக எடுத்துக்கொண்டு முதல் திறனிலிருந்து வரிசையாக நடத்தினால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். ஆனால் பணியாளர் தனக்குத் தானே வைத்துக்கொள்கிற சரிபார்ப்புக் கருவியாக அது நன்றாக இருக்கிறது: கடந்த மாதம் முழுக்க உள்ளடக்கம் உருவாக்குவதிலேயே போயிருக்கிறது, பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்று கவனிக்க உதவும். ஹெல்சின்கியில் உள்ள வெர்கே என்ற மையம் டிஜிட்டல் இளைஞர் பணியைப் பற்றி ஒரு எளிய பார்வையைத் தருகிறது: டிஜிட்டல் என்பது இளைஞர் பணியில் ஒரு கருவியாக இருக்கலாம், ஒரு செயல்பாடாக இருக்கலாம், பேசுபொருளாகவும் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் கவுன்சிலும் 2019 டிசம்பரில் டிஜிட்டல் இளைஞர் பணி பற்றித் தனி முடிவுகளை வெளியிட்டது.

அந்தப் பேசுபொருள் என்ற மூன்றாவது விஷயத்துக்குத்தான் நம் பயிற்சிகளில் இடமே இருப்பதில்லை. ஒரு பெண்ணின் படத்தை வைத்து யாரோ மிரட்டுகிறார்கள். ஒரு பையன் வேலை தருகிறோம் என்ற செய்தியை நம்பி முன்பணம் கட்டிவிட்டான். ஒருவன் தன் வங்கிக் கணக்கை நண்பனுக்குக் கொஞ்ச நாள் இரவல் கொடுத்திருக்கிறான், அதில் யார் பணம் வந்து போகிறது என்று தெரியாது. இவர்கள் யாரும் இணையப் பாதுகாப்பு வகுப்புக்கு வந்து கை தூக்க மாட்டார்கள். பச்சை மேசையில் உட்கார்ந்து வேறு ஏதோ செய்துகொண்டிருக்கும்போது, என் ஃப்ரெண்டுக்கு ஒரு பிரச்சினை என்று தொடங்குவார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் பணியாளர் என்ன செய்ய வேண்டும் என்பது பயிற்சியில் பழகிப் பார்க்க வேண்டியது. முதலில் அதிர்ச்சி காட்டக் கூடாது. உன்னை யார் அனுப்பச் சொன்னது என்று கேட்கக் கூடாது. செய்திகளை அழிக்க வேண்டாம், எடுத்துவை, அவர்களுக்குப் பதில் சொல்லாதே, பணம் அனுப்பாதே என்று சொல்லத் தெரிய வேண்டும். எந்தக் கட்டத்தில் அமைப்பின் பொறுப்பாளரிடமும் சட்டப்படி சொல்ல வேண்டியவர்களிடமும் போக வேண்டும் என்பதும், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று முன்கூட்டியே சத்தியம் செய்துவிடக் கூடாது என்பதும் தெரிய வேண்டும்.

பணியாளரின் சொந்த எல்லைகளும் இதில் சேரும். இளைஞர்களோடு எந்த எண்ணில் பேசுவது, இரவு பன்னிரண்டு மணிக்குச் செய்தி வந்தால் என்ன செய்வது, அவர்கள் படத்தைத் திட்ட அறிக்கைக்காக எடுக்கலாமா, யாரிடம் சம்மதம் வாங்குவது, அவர்கள் விண்ணப்பத்தை நிரப்ப உதவும்போது அடையாள எண்ணும் ஓ.டி.பி.யும் யார் போனில் வருகிறது. அவசரத்தில் பணியாளர் தன் போன் எண்ணையே கொடுத்துப் பத்துப் பேருக்குக் கணக்குத் தொடங்கித் தருவது மிகச் சாதாரணமாக நடக்கிற ஒன்று, நல்ல மனசோடுதான் செய்கிறார்கள், ஆனால் அந்தப் பத்துப் பேரின் கணக்கும் அவர் வேலையை விட்டுப் போகிற நாளில் கையைவிட்டுப் போய்விடும்.

கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மவுஸையோ போனையோ இளைஞரின் கையிலிருந்து வாங்காமல் உதவுவது என்ற ஒரே விதியைப் பயிற்சியில் முழுக்கப் பழகிவிட்டால்கூடப் பெரிய மாற்றம் வரும். கொடு நான் செய்கிறேன் என்று வாங்கிச் செய்தால் வேலை ஒரு நிமிடத்தில் முடியும், அடுத்த மாதம் அதே வேலைக்கு அவர் மறுபடியும் வந்து நிற்பார். வாயால் மட்டும் வழி சொல்வது ரொம்பக் கஷ்டம், நம் பொறுமையையும் சொல்வன்மையையும் நன்றாகவே சோதிக்கும். இரண்டு பணியாளர்களை ஜோடியாக உட்காரவைத்து, ஒருவருக்குத் தெரியாத ஒரு மென்பொருளை இன்னொருவர் கை வைக்காமல் சொல்லித்தரும்படி பழக்கினால் அரை மணி நேரத்தில் இருவருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

கடைசியாக, எப்படி அளப்பது. நிதி தருகிறவர்களுக்கு எண் வேண்டும், அதைக் குறை சொல்ல முடியாது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை சான்றிதழ் கொடுத்தோம் என்று கேட்கிறார்கள், அதனால் பணியாளர்களும் சான்றிதழுக்கு வேலை செய்கிறார்கள். அதே அளவு எளிதாகச் சேகரிக்கக்கூடிய வேறு கேள்விகளைப் பயிற்சியின்போதே பணியாளர் கையில் கொடுத்துவிடலாம். பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து, மன்றத்துக்கு வருகிற இளைஞர்களிடம் கேட்டால் போதும்: நீ செய்ததில் இன்னும் வைத்திருக்கிற ஒன்றைக் காட்டு. இங்கே கற்றதை யாருக்காவது சொல்லிக்கொடுத்தாயா, யாருக்கு? போனில் ஏதாவது சிக்கல் வந்தபோது யாரிடம் முதலில் சொன்னாய்? மூன்றாவது கேள்விக்குப் பணியாளரின் பெயர் எத்தனை பேர் வாயிலிருந்து வருகிறது என்பதை எழுதி, சான்றிதழ் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அறிக்கையில் சேர்த்து அனுப்ப வேண்டும்.